எட்டுப் படமும் ஒரு மலையும்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். ஆனால் இது நான் சிரித்த கதை. என் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் இந்த ஒன்றைத்தான் நினைத்து நினைத்துச் சிரிக்க முடிகிறது. மற்றதை எல்லாம் நினைத்தால் பல்லைத்தான் கடிக்க முடியும்.

அப்போது நான் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்ததும் அதைச் சுற்றி ஒவ்வொரு ஆபீசாக வந்தது. ஆபீஸ் வந்தால் டீக்கடை வரும், ஜெராக்ஸ் கடை வரும், டைப்ரைட்டிங் சென்டர் வரும். எல்லாவற்றுக்கும் போர்டு வேண்டும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் இங்கிலீஷில் எழுதச் சொல்வார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்து வரைவேன். தப்பாக எழுதிக் கொடுத்தால் தப்பாகவே அழகாக வரைவேன்.

எழுத்துக்கு நிழல் போடுவதில் நான் கெட்டிக்காரன். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பில் கனம் கொடுத்து, அதன் கீழே கறுப்பில் நிழல் தள்ளினால், எழுத்து பலகையை விட்டு அரை அடி வெளியே வந்து நிற்கும். ‘திரீ டி எழுத்து’ என்று கேட்டு வந்து எழுதி வாங்குவார்கள். தடவிப் பார்த்தவர்களும் உண்டு. தடவினால் தட்டையாக இருக்கும். அதைப் பார்த்து நான் மீசையை முறுக்குவேன். பத்து வருஷம் ஊரை ஏமாற்றியதில் அப்படி ஒரு பெருமை.

எனக்கு ஓர் அக்கா. என்னை விட ஆறு வயது பெரியவள். அடுத்த தெருவில் வீடு. வாசல் அறையில் தையல் மெஷின். வாயில் அவள் என்னை விட மோசம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றியவள். ஒருநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் அவள் இறங்கி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். முட்டி போயிற்று. எலும்பு சேர்ந்தது. ஆனால் முட்டி மடங்காது. கம்பை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை போவாள். பதினாலு கிலோமீட்டர் எங்கே நடப்பது?

ஆட்டோவில் சுற்றிக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஆட்டோவுல போனா ஆட்டோவுக்குத்தான்டா புண்ணியம்” என்றாள். “டயருக்கு மோட்சம் கெடைக்கும். எனக்கு இன்னா கெடைக்கும்?”

அழவில்லை. அவள் அழமாட்டாள். ஆனால் பௌர்ணமி சாயங்காலம் தெருவோடு கூட்டம் போகும்போது ரேடியோவை அலற விடுவாள். காலடிச் சத்தம் காதில் விழக்கூடாதாம். அவள் வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அந்த ரேடியோ சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் வேங்கிக்காலில் புதிதாக வந்த ஒரு நகரிலிருந்து குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்தார். ஏதோ ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், போர்டு எழுத வேண்டும் என்றார். இடத்தைப் பார்க்கப் போனேன். நாலு பக்கமும் சுவர், நட்ட நடுவில் வெறும் மண்.

“நடுவுல என்ன சார் வரப்போவுது?”

“மான் வைக்கலாம்னு கமிட்டியில முடிவாயிருக்கு. இல்லன்னா கொக்கு.”

“எல்லாப் பார்க்குலயும் மானுதான் சார் நிக்குது. எல்லா மானுக்கும் ஒரு கொம்பு ஒடஞ்சிருக்குது. மலைய வைங்க. சுத்தி நடைபாதை போடுங்க. அவ்ளோ தூரம் நடக்க முடியாதவங்க இத சுத்தட்டும்.”

அக்காவை நினைத்துத்தான் சொன்னேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையான யோசனைங்க. யாரு செய்வாங்க?”

“நான் செய்றேன்.”

“நீங்க போர்டு பெயிண்டராச்சே?”

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. செய்துகாட்டாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அக்காவிடம் வந்து சொன்னேன். மெஷினை நிறுத்தவே இல்லை.

“மல மாதிரி இருந்துச்சுன்னா சுத்துறேன். இட்லிய கவுத்து வெச்ச மாதிரி இருந்துச்சுன்னா அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“இருக்கும்க்கா.”

“நீ ஒண்ணும் எனக்கு சத்தியம் பண்ண வேணாம். நானே வந்து பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நூலைக் கடிக்கும்போது அவள் உதடு சிரித்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சங்கமும் தெரியாது, கமிட்டியும் தெரியாது. அக்கா சுற்றுவாளா மாட்டாளா, அது ஒன்றுதான் கணக்கு.

மலை எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? நூறு போர்டில் வரைந்திருக்கிறேன். கிழக்கே கோபுரத்துக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு மலை, அதற்கு மேல் தீபம். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் மற்றப் பக்கமெல்லாம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ஒரு பக்கம்தான் கையில் இருந்தது.

நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் இருக்கிறது. ஒவ்வொரு லிங்கத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து, எல்லோரும் சுற்றுகிற மாதிரியே சுற்றி, ஈசானிய லிங்கத்தில் முடித்தேன். நாளைக்கு ஒன்று என எட்டு நாள் காலை ஆனது. போர்டு வேலை கிடந்தது. கடைக்காரர்கள் வீட்டுக்கு வந்து கத்தினார்கள். திருப்பிக் கத்தினேன்.

அந்த எட்டு நாளில் ஒன்று புரிந்தது. மலையில் கோடே கிடையாது. பத்து வருஷமாக எதை வரைந்தாலும் முதலில் கோட்டைப் போட்டுத்தான் உள்ளே நிரப்பினேன். இங்கே வானத்தோடு மலை முட்டுகிற இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. அதை வரைந்து முடித்து, மூத்திரம் போய்விட்டு நாலு எட்டுத் தள்ளி வந்து உட்கார்ந்தால் அந்தக் கோடு இல்லை. வேறு கோடு இருக்கிறது. முன்னால் இருந்த கோடு மலைக்கு மேல் எங்கேயோ படுத்துக் கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பென்சிலை உடைத்தேன். ஆனாலும் எட்டுப் படம் வந்தது. நல்ல படங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிமெண்டு வேலைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் பேர் போனவன். என் வயதுதான் இருக்கும். வந்த அன்றே நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா பெயிண்டரே, எட்டு மல கட்டணுமா?” என்றான்.

“ஒரே மலதான்யா. எட்டுப் பக்கம்.”

“எட்டுப் பக்கம்னா அது மல இல்ல, பெட்டி.”

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

முதலில் களிமண்ணில் சின்னதாகச் செய்து, அதை அளந்து சிமெண்டில் பெரிதாகக் கட்டுவது என்று ஏற்பாடு. களிமண்ணில் ஓர் அங்குலம் என்றால் சிமெண்டில் அரை அடி. காயலான் கடையில் ஓர் ஆபீஸ் சுழல் நாற்காலி கிடந்தது. உட்காரும் பலகையும் முதுகும் போய், சுழல்கிற தண்டு மட்டும் நன்றாக இருந்தது. அதன் மேல் ஒரு வட்டப் பலகையை அடித்து, ஏரிக் களிமண்ணைக் குவித்தேன். நான் ஸ்டூலில் உட்காருவேன். முதல் படத்தைப் பார்த்துக் கிழக்குப் பக்கத்தைப் பிசைவேன். முடிந்ததும் பலகையைக் கொஞ்சம் திருப்பி, அடுத்த படத்தை எடுத்து அடுத்த பக்கம். மறுபடி திருப்பி அதற்கு அடுத்தது. கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத்தான் திருப்பினேன். மலையைச் சுற்றுவது என்றால் எங்கள் ஊரில் ஒரு திசைதான். இன்னொரு திசை இருக்கிறது என்றே கைக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு பக்கமும் அச்சாக வந்தது. பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில்தான் தகராறு. ஒரு படத்தில் வலது ஓரத்தில் ஒரு பெரிய சரிவு இறங்கும். அடுத்த படத்துக்குப் போனால் அந்தச் சரிவு வந்து சேருகிற இடத்தில் பள்ளம் இருக்கும். இங்கே மேடு முடிகிறது, அங்கே மேடு தொடங்குகிறது, நடுவில் இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. படம் வரைந்ததில் தப்பு செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிடி களிமண்ணை எடுத்து அப்பினேன். கட்டைவிரலால் தேய்த்து மூடினேன். எட்டு மூலையிலும் அப்படித்தான். போர்டில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடம் கூடிப்போனால் ஒரு பூவைப் போட்டு மூடுவோமே, அந்தப் புத்தி.

கொத்தனார் களிமண் மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“ஏன் பெயிண்டரே, மழ பேஞ்சா இந்தத் தண்ணி எங்க போவும்?”

“களிமண்ணுல எங்கய்யா மழ பேயப்போவுது?”

“இல்ல, மலன்னா தண்ணி இறங்குற வழி இருக்குமில்ல? நான் தொட்டி கட்டுறவன். எனக்கு மேடு கண்ணுல படாது, பள்ளந்தான் படும். இதுல பள்ளமெல்லாம் பாதியில நிக்குது.”

“நீ தொட்டியப் பாரு. மலைய நான் பாத்துக்கறேன்.”

இப்படித்தான் பேசினேன். இன்றைக்கு எழுதும்போது என் வாயில் நானே போடலாம் போல இருக்கிறது.

பூங்காவில் வேலை ஆரம்பித்தது. உள்ளே செங்கல் உடைசலும் மண்ணும் போட்டுக் குவித்து, மேலே கம்பி வலையைக் கட்டி, சிமெண்டு பூசினோம். ஆள் உயரத்துக்கு மேல் ஓர் அடி. சுற்றிலும் நடைபாதை. அங்கே தினமும் சண்டைதான். கொத்தனாருக்குக் கரணை கையில் இருந்தால் எதையும் வழவழப்பாகத் தேய்க்காமல் இருக்க முடியாது. காலையில் நான் கரடுமுரடாக அப்பிவிட்டுப் போவேன். டீ குடித்துவிட்டு வந்தால் பாத்ரூம் தரை மாதிரி பளபளவென்று இருக்கும்.

“யோவ், இது பாறைய்யா! இதுல எவன் குளிக்கப் போறான்?”

“பூசுனா வழவழன்னு இருக்கணும் பெயிண்டரே. ஊருக்குள்ள என் பேரு கெட்டுடும்.”

கடைசியில் அவன் கரணையைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். ஈரச் சிமெண்டில் கோணிச் சாக்கை வைத்து அழுத்தி எடுத்தோம். தேங்காய் மட்டையால் கீறினோம். உடைந்த கருங்கல் சில்லை வைத்துத் தட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல் வந்தது. ஒருநாள் ஈரச் சாக்கை உரித்த இடத்தில் நிஜப் பாறை மாதிரியே பொரிந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தடவிக்கொண்டே நின்றோம். அவனே, “இது நல்லாத்தான் கீது” என்றான். அதன் பிறகு கரணையைக் கேட்கவில்லை.

அடுத்த கூத்து நிறம். போர்டு எழுதுகிறவனுக்கு வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்துதான் வரும். வலது பக்கம் இருட்டு. அதே மாதிரி ஒவ்வொரு சரிவுக்கும் வலது பக்கம் கறுப்பும் நீலமும் கலந்து நிழல் போட்டேன். அரை நாள் வேலை. மத்தியானம் நன்றாக இருந்தது. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் நிஜ நிழல் வந்து வேறு பக்கம் விழுந்தது. நான் போட்ட நிழல் ஒரு பக்கம், சூரியன் போட்ட நிழல் ஒரு பக்கம். மலை புள்ளி புள்ளியாக, சொறி பிடித்த மாதிரி நின்றது.

கொத்தனார் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு வானத்தைத் தேடினான்.

“இன்னாய்யா தேடுற?”

“இன்னொரு சூரியன் எங்க கீதுன்னு பாக்கறேன்.”

சுண்ணாம்பு அடித்து மூடினேன். நிழலைச் சூரியன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இங்கே செல்லாது என்று தெரிந்தபோது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வருஷம் பலகையில் பொய்யாக வரவைத்த கனம், இங்கே ஒரு வேலையும் செய்யாமல் தானாக வந்து நின்றது. சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பௌர்ணமியன்று காலை திறப்பு விழா என்று செயலாளர் நாள் குறித்துவிட்டார். அதற்குப் பத்து நாள் முன்னால் அக்காவை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். சிமெண்டு வெடிக்காமல் இருக்க மறுபடி போர்த்தி வைத்திருந்த ஈரச் சாக்கை எல்லாம் அன்றுதான் எடுத்தோம். கொத்தனார் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருந்தது.

அக்கா கிழக்குப் பக்கம் நின்று பார்த்தாள்.

“இட்லி இல்லடா” என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். வலது கைப் பக்கம் மலை. கெந்திக் கெந்தி ஓர் இருபது எட்டு வைத்திருப்பாள். நின்றாள். திரும்பி வந்த வழியைப் பார்த்தாள். மறுபடி மலையைப் பார்த்தாள்.

“டேய், இங்க வா. இது இன்னா?”

“அஞ்சு முகம்க்கா. மல அஞ்சு மொகமா தெரியுமே, அது.”

“அது எனக்குத் தெரியாதா? குபேர லிங்கத்துக்குக் கிட்ட போறப்பதானே அது வரும்? கால் வலிச்சு, இன்னும் எவ்ளோ தூரம்னு நெனைக்கிறப்ப வரும். இங்க கெளம்புன ஒடனே வந்து நிக்குது?”

அவள் தொடர்ந்து நடந்தாள். மேற்கே வந்தபோது தலையை ஆட்டினாள். “இது சரி.” அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போய், மறுபடி நின்றாள்.

“இது ஆசிரமத்துகிட்ட தெரியற மல. இது இங்க இன்னா பண்ணுது? நான் முன்னாடி நடக்கறேன், உன் மல பின்னாடி நடக்குதுடா.”

நான் தலையைத் தூக்கினேன். பூங்காச் சுவருக்கு மேல் நிஜ மலை நின்றுகொண்டிருந்தது. வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். ஒரு மாதமாக அதன் முன்னால்தான் வேலை செய்தோம். வடகிழக்கில் நின்று பார்த்தால் முன்னால் எங்கள் மலை, பின்னால் அந்த மலை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சாக்கைப் போட்டு மூடி, நோட்டைப் பார்த்து, களிமண்ணை அளந்து, எல்லாம் செய்தோம். நிமிர்ந்து மட்டும் பார்க்கவில்லை.

“எனக்கு அப்பவே டவுட்டு” என்றான் கொத்தனார்.

“டவுட்டு வந்தா சொல்றதுக்கு இன்னாய்யா?”

“சொன்னேனே. தொட்டியப் பாருன்னியே.”

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். கொஞ்சம் யோசித்தார். ஆபீசில் இருந்தவர், எதற்கும் வழி வைத்திருப்பார்.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை? எல்லாரையும் இடப்பக்கமா சுத்தச் சொல்லிடுவோம். அப்ப எல்லாம் வரிசையா சரியா வந்துடுமில்ல? பெயிண்டர் ஒரு அம்புக்குறி போட்டுட்டா வேலை முடிஞ்சுது.”

அக்கா கம்பை அவரைப் பார்த்து நீட்டினாள். “எழவு வீட்டுலதான் சார் இடப்பக்கமா சுத்துவாங்க. மொதல்ல நீங்க ஒரு சுத்து சுத்துங்க. ஒண்ணும் ஆவலன்னா நாங்க வரோம்.”

அவர் ஒரு சுற்றும் சுற்றவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அக்கா மொபெட்டில் ஏறும்போது, “பௌர்ணமிக்கு வரமாட்டேன் போடா” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எட்டுப் படத்தையும் வரிசையாகத் தரையில் பரப்பினேன். வரிசை சரி. படமும் சரி. பலகையைத் திருப்பினேன். கொத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அக்கா தன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டிலேயே இறங்கியிருந்தாள்.

“இன்னொரு தரம் சுத்து” என்றாள் அக்கா.

சுற்றினேன்.

“நீ இப்ப மலைய சுத்துறியா, மல உன்ன சுத்துதா?”

அப்போதுதான் உறைத்தது. பஸ் முன்னால் போனால் மரம் பின்னால் போகும். நான் நடந்து மலையை வலமாகச் சுற்றினால் மலை நிற்கிறது. நான் உட்கார்ந்துகொண்டு மலையைச் சுழற்றினால், அதை இடப்பக்கம் சுழற்ற வேண்டும். அப்போதுதான் நான் வலமாகப் போகிற மாதிரி ஆகும். நான் மலையையும் வலமாகவே சுழற்றினேன். தெற்கில் வர வேண்டியது எல்லாம் வடக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. கிழக்கும் மேற்கும் மட்டும் தப்பித்தன.

சொன்னேன். கொத்தனார் பீடியை எறிந்துவிட்டுச் சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமி, படியிலிருந்து தெருவில் இறங்கி உட்கார்ந்துகொண்டான். அக்காவும் ஆரம்பித்தாள்.

“சாமி இல்ல பூதம் இல்லன்னு ஊர் பூரா பேசுறவன்டா நீ! களிமண்ண இடப்பக்கம் திருப்ப உனக்குக் கை வரல பாரு!”

எனக்குச் சாமி நம்பிக்கை கம்மி. தேரோட்டத்துக்குக்கூட வேடிக்கை பார்க்கத்தான் போவேன். கோயிலில் என்ன இருக்கிறது என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். என் கை என்னைக் கேட்காமல் பிரதட்சணம் செய்திருக்கிறது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் மூன்று பேரும் சிரித்தோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பத்து நாள் இருக்குதில்ல?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் காலை சம்மட்டியோடு போனோம். எட்டில் ஆறு பக்கம் உடைக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா பயந்துபோய் செயலாளருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து, “ஐயோ, நல்லாத்தானே இருந்துச்சு” என்று தலையில் கை வைத்தார். எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சம்மட்டியை ஓங்கி அடித்ததுபோல நான் சந்தோஷமாக எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு மூலையாக, நான் அப்பி மூடிய பொய்யெல்லாம் பெயர்ந்து விழுந்தது.

களிமண்ணை மறுபடி பிசைந்தேன். பலகையை இடப்பக்கம் திருப்பினேன். முதல் தரம் கை கூசியது. ஒரு படத்தில் ஓரமாக இறங்கிய சரிவு அடுத்த படத்தில் வந்து சேர்ந்து, அதன் முதுகாக எழுந்து நின்றது. அதற்கு அடுத்த படத்தில் அதே சரிவு வால் மாதிரி நீண்டு படுத்தது. மூட வேண்டிய மூலை ஒன்றுகூட இல்லை. எட்டுப் படம் என்று நான் வைத்துக்கொண்டதுதான் தப்பு. படத்துக்குத்தான் ஓரம் உண்டு. மலைக்கு ஓரம் இல்லை, எங்கே தொட்டாலும் அடுத்த இடத்துக்குக் கை தானாகப் போகிறது. நாலாவது படத்துக்குப் பிறகு நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கொத்தனார் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து உச்சியிலிருந்து ஊற்றினான். தண்ணீர் நாலு பள்ளத்தில் பிரிந்து, வளைந்து வளைந்து அடிவாரம் வரைக்கும் இறங்கிப் பலகையிலிருந்து சொட்டியது.

“இப்ப மல” என்றான்.

சிமெண்டில் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சாக்கைத் தூக்கிவிட்டு நிஜ மலையைப் பார்ப்போம், எங்களுடையதைப் பார்ப்போம். மூன்றாள் வேலையை இரண்டு ஆள் செய்தோம். சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் மோரும் ஊறுகாயும் கொடுத்து அனுப்பினார்கள். பயம் தெளிந்துவிட்டது போல. பௌர்ணமியன்று விடியற்காலையில்தான் காவியும் சாம்பலும் கலந்து கடைசிப் பூச்சு அடித்து முடித்தோம்.

அக்காவைக் கூப்பிடப் போனேன். வருவாள் என்று எனக்கு நிச்சயமில்லை. போய்ப் பார்த்தால் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“எவ்ளோ நேரம்டா?” என்றாள்.

விழாவுக்கு வர வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. செயலாளர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். இருபது முப்பது பேர் வெயிலில் நின்றார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பால் ரிப்பனைத் தூக்கி, தலையைக் குனிந்து, உள்ளே போய்விட்டாள்.

“அம்மா, அம்மா! இன்னும் திறக்கல” என்று செயலாளர் கூப்பிட்டார்.

“நீங்க மெதுவா தொறங்க சார். நான் அதுக்குள்ள ஒரு சுத்து வந்துடறேன்.”

நான் பின்னாலேயே ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கிழக்கில் கையெடுத்துக் கும்பிட்டாள். நடக்க ஆரம்பித்தாள். முதலில் ஒற்றையாகத் தெரிந்த உச்சி, அவள் போகப் போக அகலமானது. பின்னாலிருந்து ஒரு தோள் எழுந்தது. ஆசிரமத்துப் பக்கம் வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, ம்ம் என்றாள். மேற்கே திரும்பியபோது வெயில் மறைந்து நிழல் வந்தது. அதைத் தாண்டி அஞ்சு முகம் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து நின்றது. அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒரு சுற்று முடிந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நிற்கவே இல்லை. இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டாள்.

ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அக்காவின் பின்னால் நடந்தார்கள். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. எல்லோரும் வலமாகத்தான் போனார்கள். கொத்தனாரும் போனான். கடைசியில் செயலாளரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையில் சேர்ந்துகொண்டார்.

மூன்றாவது சுற்றில் அக்கா கையை நீட்டி மலையைத் தொட்டாள். நிஜ மலையைச் சுற்றும்போது அப்படித் தொட்டுக்கொண்டே நடக்க முடியாது. உள்ளங்கையைப் பாறை மேல் வைத்துத் தடவியபடியே போனாள். மேட்டில் கை ஏறியது, பள்ளத்தில் இறங்கியது. வடக்குப் பக்கம் வந்ததும் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை பூராவும் காவி.

“டேய்! காயறதுக்கு முன்னாடியே தொறப்பு விழாவா?”

“விடிகாலதான்க்கா அடிச்சோம்.”

“பட்டுப் பொடவடா இது!”

என் புதுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதுகில் இரண்டு தரம் நன்றாகத் துடைத்தாள். பின்னால் வந்த கூட்டம் சிரித்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். துடைத்து முடித்து, கம்பை ஊன்றிக்கொண்டு, “வழிய விடு” என்று என்னைத் தள்ளிவிட்டு, நாலாவது சுற்றுக்குப் போனாள்.